பன்னிரண்டு மணி நேரமும் 'விருப்பம்' என்ற சொல்லும்

2023 ஏப்ரல் 21 அன்று தமிழக சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளான காங்கிரஸ், விடுதலைச் சிறுத்தைகள், இரு கம்யூனிஸ்ட் கட்சிகள் உள்ளிட்டவை அதை எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 24 அன்று, சட்டமுன்வடிவு நிறுத்திவைக்கப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில், அது திரும்பப் பெறப்பட்டதாகச் சொன்னார். 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது.

சட்டமுன்வடிவு போய்விட்டது. ஆனால் அதற்காகச் சொல்லப்பட்ட வாதம் போகவில்லை. கர்நாடகம் 2023 பிப்ரவரியிலேயே 12 மணி நேர வேலைக்கு வழிசெய்தது. 2025-இல் குஜராத் அவசரச் சட்டம் கொண்டுவந்தது, மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் தந்தது, ஆந்திரம் 9 மணியை 10 மணியாக்கியது. பக்கத்து மாநிலம் செய்துவிட்டால் முதலீடு அங்கே போய்விடும் என்ற குரல் இங்கும் மறுபடி எழும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளாகங்கள் நிறைந்த நமது மாவட்டத்தில், அந்தக் குரலை முதலில் கேட்கப்போகிறவர்கள் காலனியிலிருந்து கம்பெனி பஸ் ஏறும் நம் பிள்ளைகள்தான். எனவே அந்த வாதத்தை இப்போதே நிதானமாக எடுத்துப் பார்ப்பது நல்லது.

அந்தச் சட்டமுன்வடிவு என்ன சொன்னது? 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. எந்தத் தொழிற்சாலைக்கும், எந்த வகைத் தொழிற்சாலைகளுக்கும் சில பிரிவுகளிலிருந்து மாநில அரசு விலக்கு அளிக்கலாம் என்றது. அவை எந்தப் பிரிவுகள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரம் (பிரிவு 51), வார விடுமுறை (52), நாளுக்கு 9 மணி நேரம் (54), இடைவேளை (55), வந்து போகும் மொத்த நேரம் பத்தரை மணி (56), மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் (59). வேலை நேரம் தொடர்பாகத் தொழிலாளிக்கு இருந்த முக்கியமான காப்புகள் எல்லாம் இந்தப் பட்டியலில் இருந்தன.

இதற்குச் சந்தைப் பொருளாதாரத்தை ஆதரிப்பவர்கள் மூன்று நியாயங்கள் சொல்கிறார்கள். மூன்றையும் நேர்மையாகவே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, போட்டி. மின்னணுப் பொருள் தயாரிப்பில் ஆர்டர் வரும்போது வேகமாகச் செய்து கொடுக்க வேண்டும், சீனாவோடும் வியட்நாமோடும் போட்டி போட வேண்டும், அதற்கு நெகிழ்வான வேலை நேரம் தேவை என்கிறார்கள். வேலை வாய்ப்பு வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நாடுகளின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். சீனத்திலும் வியட்நாமிலும் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம்தான். அதற்கு மேல் செய்தால் வேலைநாளில் ஒன்றரை மடங்குக் கூலி, விடுமுறை நாளில் இன்னும் கூடுதல். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை வாரம் 6 நாள் வேலை வாங்கும் வழக்கம் சட்டவிரோதம் என்று 2021 ஆகஸ்டில் சீன உச்ச நீதிமன்றமே சொன்னது. அங்கே மீறல் நடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் மீறலைச் சட்டமாக்குவதுதான் போட்டி என்றால், அந்தப் போட்டிக்கு முடிவே இல்லை.

இரண்டாவது, விருப்பம். வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தான், நான்கு நாள் 12 மணி நேரம் செய்துவிட்டு மூன்று நாள் வீட்டில் இருக்கலாம், விரும்புகிறவர்கள் மட்டும் செய்யலாம் என்று 2023-இல் அரசுத் தரப்பில் விளக்கினார்கள். வயது வந்த ஒருவர் தன் உழைப்பை எப்படி விற்பது என்று தானே முடிவு செய்யட்டும், அரசு ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்பது இதன் சாரம்.

இதைக் கூலிக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 8 மணி நேரத்துக்கு 600 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 75 ரூபாய். அவர் 12 மணி நேரம் வேலை செய்தால், முதல் 9 மணி நேரத்துக்கு 675 ரூபாய், அடுத்த 3 மணி நேரத்துக்கு இரட்டிப்பாக 450 ரூபாய், மொத்தம் 1,125 ரூபாய் தர வேண்டும். பிரிவு 59-க்கு விலக்கு அளித்துவிட்டால் 12 மணி நேரத்துக்கும் சேர்த்து 900 ரூபாய் கொடுத்தால் போதும். ஒரு நாளைக்கு 225 ரூபாய் போகிறது. நான்கு நாளைக்கு 900 ரூபாய். சந்தையில் எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்று நம்புகிறவர்கள், தொழிலாளியின் பத்தாவது, பதினோராவது, பன்னிரண்டாவது மணி நேரத்துக்கு ஏற்கனவே இருந்த விலையை மட்டும் ஏன் எடுத்துவிடச் சொல்கிறார்கள்? அவசரமான ஆர்டர் என்றால் இரட்டிப்புக் கூலி கொடுத்து வேலை வாங்கப் பழைய சட்டத்திலும் இடம் இருந்தது.

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், குஜராத் அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் 12 மணி நேர வேலைக்கு அனுமதி தந்தது. மிகைநேரத்துக்கு இரட்டிப்பு வேண்டாம், வழக்கமான கூலி போதும் என்றது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்து, செய்த வேலைக்குச் சட்டப்படியான மிகைநேர ஊதியத்தைக் கொடுக்க உத்தரவிட்டது. பொது நெருக்கடி என்ற காரணம் அங்கே செல்லவில்லை. அந்தக் காரணமே தேவையில்லாத ஒரு வழியைச் சட்டத்துக்குள் திறப்பதுதான் 65ஏ.

இனி விருப்பத்துக்கு வருவோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போக முடிகிறவருக்குத்தான் விருப்பம் உண்டு. ஒரகடத்தில் நிரந்தரத் தொழிலாளியும், ஒப்பந்தத் தொழிலாளியும், பயிற்சியாளர் என்ற பெயரில் இருப்பவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளி நாளைக்கு வர வேண்டாம் என்று ஏஜென்சி ஒரு போன் செய்தால் போதும். அவரிடம் நீட்டப்படும் 'விருப்பப் படிவத்தில்' கையெழுத்துப் போடாமல் இருக்க அவருக்கு எது துணை? 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பேசியது. உடல் பலத்தால் செய்யும் கட்டாயம் மட்டும் கட்டாயமல்ல, பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியில்லாமல் ஆக்கினால் அதுவும் கட்டாயமே என்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது.

நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். ஷிப்ட் 12 மணி நேரம். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் போக ஒன்றரை மணி, திரும்ப ஒன்றரை மணி என்றால் 15 மணி நேரம் ஆகிவிடும். பஸ் மெயின் ரோட்டில் நிற்கும். காலனிக்கு அங்கிருந்து நடை. மீதி 9 மணி நேரத்துக்குள் சமையல், துணி, பிள்ளை, தூக்கம் எல்லாம் முடிய வேண்டும். மூன்று நாள் விடுப்பு அந்த நான்கு நாளின் தூக்கத்தைத் திருப்பித் தருமா? தொலைதூரக் கல்வியில் டிகிரி படித்துக்கொண்டே வேலைக்குப் போகும் பெண் எந்த நேரத்தில் புத்தகத்தைத் திறப்பாள்?

மூன்றாவது வாதம் நமக்கு நெருக்கமானது. சந்தை சாதி பார்க்காது என்பது அது. சந்திரபான் பிரசாத் போன்ற தலித் சிந்தனையாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2005-இல் மிலிந்த் காம்ப்ளே புனேயில் தலித் தொழில் வர்த்தகச் சபையைத் தொடங்கியதும் இந்த நம்பிக்கையில்தான். இதில் உண்மை இருக்கிறது. ஆண்டையின் வயலில் குனிந்து நின்ற குடும்பத்தின் பெண், இன்று யூனிபார்மும் அடையாள அட்டையும் போட்டு மாதச் சம்பளம் வாங்குகிறாள். ஊர்த்தெருவுக்காரர் வீட்டுப் பெண்ணும் அவளும் ஒரே கேண்டீனில் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். இந்த மாற்றத்தைச் சிறிது என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் அந்தப் பெண்ணை ஆண்டையிடமிருந்து விடுவித்தது சம்பளம் மட்டுமல்ல. வேலைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தது. பண்ணையாள் உழைப்புக்கு மணி கிடையாது. கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும். ஆலை உழைப்புக்கும் மணி ஒரு நாளில் வந்துவிடவில்லை. 1911 சட்டத்தில் துணி ஆலையில் ஆண்களுக்கு நாளுக்கு 12 மணி நேரம். 1922-இல் வாரத்துக்கு 60 மணி. 1934-இல் 54 மணி. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தத்தால் 1946-இல் 48 மணி ஆனது. நாளைய முன்னேற்றம் என்று நமக்குக் காட்டப்படும் அந்த 12 மணி நேரம் 1911-இல் இருந்த அளவு.

அரசு தலையிடாமல் இருப்பதுதான் சுதந்திரம் என்ற வாதத்துக்கும் அண்ணல் பதில் சொல்லியிருக்கிறார். 1947-இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில், அந்தச் சுதந்திரம் யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்டார். நில உடைமையாளருக்கு வாரத்தைக் கூட்டவும், முதலாளிக்கு வேலை நேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைக்கவும் கிடைக்கும் சுதந்திரம் அது என்று விளக்கினார். ஸ்ரீபெரும்புதூர் தனித்தொகுதியின் ஒவ்வொரு கல்லூரி மாணவரும் அந்தச் சிறு நூலைப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சந்தையின் பெயரில் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். இந்தத் தொழில் வளாகம் சுதந்திரச் சந்தையில் முளைத்ததல்ல. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுப்பதற்கென்றே 1997-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் செய்தது. அரசு நிலத்தை எடுத்து, சாலையும் மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து, வரிச்சலுகையும் சேர்த்துத்தான் கம்பெனிகளை அழைத்தது. அப்படி வந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலையிழந்தார்கள். நிலத்துக்கு அரசு வேண்டும், சலுகைக்கு அரசு வேண்டும், வேலை நேரம் என்று வந்தால் மட்டும் அரசு விலகி நிற்க வேண்டும் என்பது எந்தச் சந்தை நியாயம்?

நிலத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லும் பலம் நம் மக்களுக்கு எங்கிருந்து வரும் என்ற கேள்வியை, 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் கேட்டார். இந்தப் பகுதியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. நிலம் இல்லாததால்தான் இவர்கள் அடிமைப்பட்டுக் கிடக்கிறார்கள் என்று அவர் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் வரை ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை. காரணை நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். 12 மணி நேரச் சட்டமுன்வடிவு நிறைவேறிய அதே 2023 ஏப்ரல் 21 அன்றுதான், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவும் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகளை உள்ளடக்கிய நிலத்தையும் திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க அது வழிசெய்கிறது. முதலாவது திரும்பப் பெறப்பட்டது. இரண்டாவது சட்டமாக நிற்கிறது. ஏரிக்கரையிலும் மேய்க்காலிலும் ஆடு மாடு மேய்த்துப் பிழைக்கும் குடும்பம் அந்த இடத்தையும் இழந்தால், கம்பெனி நீட்டும் படிவத்தில் கையெழுத்துப் போடுவது தவிர வேறு என்ன செய்யும்?

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. நாளுக்கு 8 மணி நேரம், மிகைநேரத்துக்குத் தொழிலாளியின் ஒப்புதல், இரட்டிப்பு ஊதியம் என்பவை அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அதே தொகுப்பு, புதிய தொழில் நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் அரசுகளுக்குத் தருகிறது. அதாவது, 2023-இல் சட்டமன்றத்துக்கு வந்ததால் நம் கண்ணில் பட்டது, இனி ஓர் அறிவிக்கையாக அரசிதழில் வந்து போய்விடலாம்.

எனவே தமிழக அரசிடம் நாம் கேட்பது இதுதான். வேலை நேரத்திலும் மிகைநேர ஊதியத்திலும் எந்த விலக்கும் சட்டமன்றத்தில் விவாதிக்காமல் கொடுக்கக் கூடாது. நான்கு நாள் வேலை உண்மையிலேயே தொழிலாளிக்கு நல்லது என்று நம்பினால், தொழிற்சங்கத்தின் ஒப்புதலோடும் இரட்டிப்பு ஊதியத்தோடும் அதைச் செய்யட்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பயிற்சியாளருக்கும் அதே நேரம், அதே விதி இருக்கட்டும். சிப்காட்டில் நிலம் பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் உள்ளூர்ப் பட்டியல் சாதியினர் எத்தனை பேரை நிரந்தர வேலையில் வைத்திருக்கிறது என்பதை ஆண்டுதோறும் வெளியிடட்டும். சங்கம் அமைக்கும் உரிமைக்காக 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் சுங்குவார்சத்திரத்தில் 37 நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகும், சங்கப் பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. சங்கம் வைக்கவே இத்தனை பாடு என்றால், தனியாக நிற்கும் தொழிலாளியின் 'விருப்பத்துக்கு' என்ன மதிப்பு இருக்கும்?

கம்பெனிக்குப் போகும் தம்பி தங்கைகளிடமும் ஒன்று சொல்கிறோம். சம்பளச் சீட்டை மாதாமாதம் வாங்கி வையுங்கள். எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். இரட்டிப்பு வராவிட்டால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுக்க அந்த நோட்டு உதவும். வெள்ளைத்தாளிலோ படிக்காத படிவத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், அந்தக் கணக்கை அவர்களிடம் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.