வீரக்கதைத் தொடர்களும் மாணவரும்

ஒரு நூலைப் படிக்கத் தொடங்குதல் எளிய செயல். அது நன்றாயின் படித்து மகிழலாம். நன்றன்றாயின் மூடி வைக்கலாம். இழப்பு இரண்டொரு நாளே. பல நூல்களாய் விரிந்து செல்லும் தொடரைத் தொடங்குதல் அத்தகையதன்று. அஃது ஆண்டுக்கணக்கில் படிப்பவரின் ஓய்வுப்பொழுதைத் தன்வயப்படுத்திக்கொள்ளும். ஆதலின், அத்தகைய தொடரில் புகுமுன் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் அறிவுடைமையாகும்.

இக்காலத்து இளைஞர் விரும்பிப் படிப்பவற்றுள் பேராற்றல் வாய்ந்த வீரர்களைப் பற்றிய கதைத் தொடர்களும் உள்ளன. அவ்வீரரைச் 'சூப்பர் ஹீரோ' என்று வழங்குவர். இத்தொடர்களைப் பற்றி மாணவர் செவியில் இருவகைக் குரல்கள் விழுகின்றன. "அவை வெறும் பொய்ப் புனைவுகள், தொடவும் வேண்டா" என்பர் பெரியோர் சிலர். "எல்லாரும் படிக்கிறார்கள், நீ மட்டும் படியாதிருப்பதா?" என்பர் தோழர். முன்னது அச்சத்தைக் காட்டித் தடுக்கிறது; பின்னது கூட்டத்தைக் காட்டி இழுக்கிறது. இரண்டும் மாணவரைத் தாமே சிந்திக்க விடுவதில்லை. எனவே, ஒரு தொடரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்தல் நன்று.

அமெரிக்க நாட்டில் 1933-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'டாக் சாவேஜ்' என்னும் இதழ் தோன்றியது. இதழ்தோறும் அப்பெயருடைய வீரனைப் பற்றிய புதினம் ஒன்று வெளிவந்தது. 1949-ஆம் ஆண்டில் அவ்விதழ் நின்றபோது புதினங்களின் தொகை 181 ஆயிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றை எழுதியவர் லெஸ்டர் டென்ட் என்பவர். ஆயினும், கென்னத் ரோப்சன் என்னும் புனைபெயரே இதழில் பொறிக்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டு முதல் அக்கதைகள் தனித்தனி நூல்களாக மீண்டும் அச்சேறிப் புதிய தலைமுறையினரையும் அடைந்தன. 1938-ஆம் ஆண்டில் தோன்றிய சூப்பர்மேன் முதலிய வீரர்க்கு இவனை முன்னோடியாகக் கருதுவோர் பலர்.

முதலில் எண்ணத்தக்கது காலம். வாரத்திற்கு ஒரு நூலாகப் படிப்பினும் இத்தொடரை முடிக்க ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கும் மாணவர் பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில்தான் முடிப்பார். அதற்குள் அவர் படித்திருக்கக்கூடிய வரலாற்று நூல்களும், அறிவியல் நூல்களும், பிற கதைகளும் எத்தனை! எனினும், இக்கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. தொடர்கள் இருவகைப்படும். ஒரே கதை எல்லா நூல்களிலும் ஓடி இறுதி நூலில் முடிவது ஒருவகை. ஒவ்வொரு நூலும் தன்னளவில் முடிவுறுவது மற்றொரு வகை. முன்னதில் இடையே நிற்பவர் கதையின் முடிவை அறியார். டாக் சாவேஜ் கதைகள் பின்னதைச் சேர்ந்தவை. மூன்றைப் படித்தவர் நான்காவதையும் படித்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் அங்கே இல்லை. தாம் புகவிருக்கும் தொடர் இவ்விரண்டனுள் எவ்வகையது என்று உசாவி அறிதல் மாணவரின் முதற்கடமையாகும்.

அடுத்து எண்ணத்தக்கது கதைத்தலைவனின் தன்மை. பெருமிதம் என்னும் மெய்ப்பாடு கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கின் வழியே தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. வீரத்தை உடல்வலியோடு மட்டும் பொருத்தாது, கல்வியோடும் கொடையோடும் பொருத்திய இந்நோக்கு, புதுக்கதை வீரரை அளப்பதற்கும் ஏற்ற கோலாகும்.

அக்கோலால் அளந்தால் டாக் சாவேஜ் பெரிதும் உயர்ந்தே நிற்கிறான். அவன் பிறவியிலேயே வியத்தகு ஆற்றல் பெற்றவன் அல்லன். குழந்தைப் பருவத்திலேயே அவன் தந்தை அவனை அறிவியல் அறிஞரிடம் ஒப்படைத்துப் பயிற்றுவித்தார் என்று கதை கூறும். வளர்ந்த பின்னரும் அவன் நாள்தோறும் இரண்டு மணி நேரம் உடலுக்கும் அறிவுக்கும் பயிற்சி தருகிறான். அறுவை மருத்துவத்தில் அவன் தலைசிறந்தவன். அவனுடைய தோழர் ஐவரும் வேதியியல், சட்டம், கட்டடப் பொறியியல், மின்னியல், தொல்பொருளியல் எனத் துறைக்கு ஒருவராக வல்லவர். இவர்கள் இடுக்கண் உற்றோர்க்குக் கைம்மாறு கருதாது உதவுகின்றனர். இவற்றைப் படிக்கும் மாணவர்க்கு இடைவிடாப் பயிற்சியில் விருப்பம் தோன்றுமாயின், அது நற்பயனே அன்றோ?

ஆனால், அதே தொடரில் மற்றொன்றும் உண்டு. தான் பிடித்த கொடியோரை அவன் நியூயார்க் மாநிலத்தில் மறைவாக அமைந்துள்ள தன் நிலையம் ஒன்றிற்கு அனுப்புகிறான். அங்கே அவர்தம் மூளையில் அறுவை செய்யப்படுகிறது. பழைய வாழ்வு முழுதும் அவர் நினைவினின்று அகன்றுவிடுகிறது. பின்னர் ஒரு தொழிலைக் கற்பித்து அவரை உலகிற்கு அனுப்புகின்றனர். கொல்லாமல் திருத்துவதால் இதனை அருட்செயலாகவே கதை காட்டுகிறது.

தீயோரைத் திருத்துதல் நன்றே. எனினும், அங்கே வழக்கு உசாவப்படவில்லை. பிடிபட்டவர் தம் பக்கத்தை எடுத்துரைக்க வாய்ப்பில்லை. அவர் இசைவும் கேட்கப்படவில்லை. ஒருவன் நினைவை அழிக்கும் உரிமையை மற்றொருவனுக்குத் தந்தவர் யார்? "அவன் நல்லவன், பிழை செய்யான்" என்று சிலர் விடை கூறலாம். கதையில் அவ்விடை பொருந்தும். ஏனெனில், எழுதுபவர் அவனைப் பிழை செய்ய விடுவதில்லை. உலகில் அத்தகைய காப்பு எவர்க்கும் இல்லை. நல்லவரும் ஆள்மாறிக் குற்றம் சாட்டக்கூடும். வல்லவரும் சினத்தால் நெறி தவறக்கூடும். அதனாலன்றோ முறைமன்றமும் மேல்முறையீடும் ஏற்படுத்தப்பட்டன?

இக்கேள்வியை எழுப்பாமலே 181 நூல்களையும் படித்து முடித்தவர், வல்லவன் செய்வதெல்லாம் நீதியே என்னும் எண்ணத்தைத் தம்மை அறியாமல் ஏற்றுக்கொள்ளக்கூடும். வளர்ந்து வாக்குரிமை பெறும் நாளில் அவ்வெண்ணம் பெருந்தீங்காய் முடியும். கேள்வியை எழுப்பியவரோ ஒரே நூலிலிருந்து நீதியைப் பற்றிய சிறந்த பாடத்தைப் பெற்றுவிடுவார்.

சில கதைகள் இத்தகைய கேள்வியைத் தாமே எழுப்புகின்றன. 1962-ஆம் ஆண்டில் ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ ஆகிய இருவரும் படைத்த ஸ்பைடர்மேன் கதை அவற்றுள் ஒன்று. அதன் தலைவன் பீட்டர் பார்க்கர் ஒரு பள்ளி மாணவன். எதிர்பாராது ஆற்றல் பெற்ற அவன், அதனைக் கொண்டு முதலில் பொருளும் புகழும் ஈட்டவே முனைகிறான். தன் கண்முன் தப்பியோடும் திருடனைத் தடுக்க வல்லவனாயிருந்தும், தனக்கென்ன என்று வாளா இருந்துவிடுகிறான். பின்னர் அத்திருடனே அவனை மகன்போல் வளர்த்த உறவினரைக் கொன்றுவிடுகிறான். ஆற்றல் மட்டும் ஒருவனை வீரனாக்காது என்பதை இளம் உள்ளத்தில் பதியச் செய்யும் கதை இது.

இனி, "தொடவும் வேண்டா" என்போர் கூற்றை நோக்குதல் வேண்டும். 1954-ஆம் ஆண்டில் பிரெடரிக் வெர்தம் என்னும் அமெரிக்க உளநோய் மருத்துவர், படக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று ஒரு நூல் எழுதினார். எதிர்ப்பு வலுக்கவே, பதிப்பாளர் அவ்வாண்டிலேயே தமக்குள் கட்டுப்பாட்டு விதிகளை வகுத்துக்கொண்டனர். அவ்வேற்பாடு 2011-ஆம் ஆண்டில்தான் முற்றிலும் மறைந்தது. 2012-ஆம் ஆண்டில் கேரல் டில்லி என்னும் ஆராய்ச்சியாளர், வெர்தம் விட்டுச்சென்ற குறிப்புகளை அவர் நூலோடு ஒப்பிட்டு, அவர் சான்றுகள் சிலவற்றை மாற்றியும் மிகுத்தும் கூறியிருந்ததை வெளிப்படுத்தினார். சிறுவர் நலத்தில் வெர்தம் கொண்ட அக்கறை மெய்யானதே. அக்காலப் படக்கதைகளுள் கொடுமை மிக்கவையும் இருந்தன. ஆயினும், நன்மை கருதியேனும் மெய்யை வளைத்தல் தகாது. பிறர்க்கு எது நன்று என்பதைத் தாமே முடிவு செய்து, அவர் தேரும் உரிமையைப் பறித்தல், டாக் சாவேஜின் மறைநிலையத்திலும் குற்றமே. மெய்யை வளைத்து விதிக்கும் தடையிலும் குற்றமே.

ஆகவே, வீரக்கதைத் தொடரைத் தொடங்கலாம் என்பதே தக்க முடிபு. ஆனால், தொடங்குதல் என்பது முடித்தே தீருவேன் என்று சூளுரைப்பதன்று. முதல் நூலை முழுதும் படித்து மூடியபின், மாணவர் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளல் வேண்டும். வலிமையால் வெல்ல முடியாத இடர் ஒன்றேனும் கதையில் வந்ததா? பகைவனும் மனிதனாகக் காட்டப்பட்டானா? தலைவன் செய்தது சரிதானா என்று எண்ண இடமிருந்ததா? இவற்றுள் ஒன்றிற்கேனும் 'ஆம்' என்னும் விடை கிடைப்பின் இரண்டாம் நூலை எடுக்கலாம். மூன்றிற்கும் 'இல்லை' என்பதே விடையாயினும், அக்குறையைத் தாமே கண்டறிந்தவர் காலத்தை வீணாக்கியவர் ஆகார்.

தொடரின் இரு நூல்களுக்கு இடையே வேறு துறை நூல் ஒன்றைப் படித்தலும் நலம். முன்னைய நூலில் கண்டதையே பின்னைய நூலும் கூறுமாயின் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். அவ்வாறு நிறுத்துதல் இழுக்கன்று. தோழர் முடித்துவிட்டனர் என்பதற்காகத் தொடர்தலும், பிறர் இகழ்ந்தனர் என்பதற்காகக் கைவிடுதலும் வேண்டா. எந்நூலைப் படிப்பது, எதுவரை படிப்பது என்பதைத் தாமே தேர்ந்து தெளியும் மாணவர், பிற்காலத்தில் வாழ்வின் பெரிய முடிபுகளையும் அவ்வாறே தேர்ந்து தெளிவர்.