பத்து செகண்ட் ஆப்சென்ட்!

பாக்கெட் மணிக்காக சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிற ஆளா நீங்க? இந்த வாரம் உங்களுக்குத்தான்.

கண்ணமங்கலத்துல ஒரு நெசவுக்காரர் வீட்டுத் திண்ணைன்னு வெச்சுக்குங்க. உள்ளே தறிச் சத்தம், வெளியே வாய்ப்பாடு. 'ஏழெட்டு...'ன்னு ஆரம்பிச்ச ரெண்டாங்கிளாஸ் பாப்பா சட்டுனு நிக்குது. கண்ணு வெறிக்குது, இமை லேசா படபடக்குது. கூப்பிட்டாலும் பதில் இல்ல. பத்து செகண்ட் கழிச்சு, எதுவுமே நடக்காத மாதிரி 'ஐம்பத்தாறு!'

'பராக்கு பார்க்குறியா?'ன்னு ஒரு கொட்டு வைக்கத் தோணும். வைக்காதீங்க. அது ஆப்சென்ஸ் வலிப்பா இருக்கலாம்.

கை கால் இழுக்காது, நுரை தள்ளாது. அதனாலயே யாரும் இதை வலிப்புன்னு நினைக்கிறதில்ல. பெரும்பாலும் 4 வயசுல இருந்து 10 வயசுக்குள்ள ஆரம்பிக்கும். ஒரே நாள்ல பல தடவை வரும். பாடத்துல பாதி இப்படியே போயிடும், மிச்சத்தை அடி வாங்கியே தொலைக்கும் குழந்தை. இ.இ.ஜி. எடுத்தா நொடிக்கு மூணு அலை பளிச்சுனு தெரியும். 1935-லயே இதைப் பதிவு பண்ணிட்டாங்க.

சரி, மூளைக்குள்ள என்னதான் நடக்குது? அங்கேயும் பட்டு மாதிரி அமினோ அமில சமாசாரம்தான். பட்டு நூல்ல முக்கால்வாசி கிளைசின், அலனின்னு ரெண்டே அமினோ அமிலங்கள். 'காபா'வும் அந்த ஜாதிதான். ஆனா புரதத்துல சேராம தனியா திரியும். மூளை செல்களை அடக்குற பிரேக் அது. இது தயாராவது எதுல இருந்து தெரியுமா? ஆக்ஸிலேட்டரா வேலை செய்யுற குளுட்டமேட்ல இருந்து! (நம்ம ஃப்ரைடு ரைஸ் அஜினோமோட்டோவோட சொந்தக்காரன்தான். பயப்படாதீங்க, தின்னது அப்படியே மூளைக்கு ஏறிடாது.)

வலிப்புன்னா பிரேக் குறைஞ்சு போச்சுன்னுதானே நினைப்போம்? 2009-ல இங்கிலாந்து பக்கத்துல இருக்குற வேல்ஸ், கார்டிஃப் பல்கலைக்கழகத்துல வின்சென்ஸோ க்ருனெல்லி குழு எலிகள்ல பார்த்தது நேர் தலைகீழ். மூளையோட நடுவுல இருக்குற தலாமஸ்ல காபாவோட பிடி ஜாஸ்தி! மிச்சமான காபாவை உறிஞ்சி எடுக்குற 'காட்-1'ங்கிற பம்ப் சரியா வேலை செய்யல. நல்லா இருந்த எலிக்கு அந்த பம்ப்பை அடைச்சப்போ அதுக்கும் ஆப்சென்ஸ் வந்துடுச்சு. உண்டிவில்லை அளவுக்கு மீறி பின்னால இழுத்தா கல் எப்படிப் பாயும்? கிட்டத்தட்ட அப்படித்தான். எலி கதை முழுசா குழந்தைக்குப் பொருந்துமான்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா ஒண்ணு, காபாவை ஏத்திவிடுற டியாகாபின், விகாபாட்ரின் மாதிரி மாத்திரைகள் இந்த வலிப்பை மோசமாக்கும். அதனால 'என் மாமாவுக்குக் கேட்டுச்சு'ன்னு வேற யாரோட வலிப்பு மாத்திரையையும் குடுக்கவே கூடாது.

சரியான மருந்து இருக்கு. 2010-ல வெளியான அமெரிக்க ஆய்வுல 453 குழந்தைகளுக்கு மூணு மருந்துகளை ஒப்பிட்டாங்க. எத்தோசக்ஸிமைடு, வால்ப்ரோயேட் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு கேட்டுச்சு. ஆனா கவனம் சிதறுறது எத்தோசக்ஸிமைடுல கம்மி. படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய விஷயமாச்சே! நிறைய பேருக்கு டீன் ஏஜ்ல இந்த வலிப்பு நின்னும் போயிடும்.

கண்ணமங்கலத்துல பஸ் ஏறினா வேலூர். அங்கே சி.எம்.சி.யில 1949-லயே நரம்பியல் துறையைத் தொடங்கினவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. மான்ட்ரியல்ல பென்ஃபீல்டுகிட்ட பயிற்சி எடுத்தவர். இந்த வலிப்பு மூளையோட நடுப்பகுதியில இருந்து கிளம்புதுன்னு அந்தக் காலத்துலயே ஊகிச்சவங்கள்ல பென்ஃபீல்டும் ஒருத்தர்!

பாப்பாவோட அம்மா 'பொம்பளப் புள்ளையாச்சே, வெளியே தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம்?'னு தயங்கலாம். இந்து திருமணச் சட்டத்துல தடையா இருந்த வலிப்பு நோயை 1999-லயே நீக்கியாச்சுன்னு சொல்லுங்க. அடுத்த தடவை பாப்பா வெறிச்சுப் பார்க்குறப்போ செல்போன்ல வீடியோ எடுத்துக் குடுங்க. டாக்டருக்கு நாம வாயால சொல்றதைவிட அந்தப் பத்து செகண்ட் நிறைய சொல்லும்.