கடல் பறவைதானே என்று கடலில் விட்டோம்

அரூர்க்காரனுக்குக் கடல் பறவையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நான் பள்ளிக்கூடம் போனது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். வேலையும் ஓய்வும்தான் இந்தப் பக்கம். தங்கை இன்னும் அங்கேயே இருக்கிறாள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அவள் வீட்டில் இருந்தேன். நம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் அதே புயலால்தான். ஊர் திரும்ப வழியில்லாமல் சில நாள் அங்கேயே தங்கிவிட்டேன்.

ஒரு காலை வீராம்பட்டினம் கடற்கரையில் ஒரு பறவை சிறகை விரித்துக் கிடந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, வால் இரண்டாகப் பிளந்தது. கூடியிருந்தவர்கள் கடற்காகம் என்றார்கள். வயதான மீனவர் ஒருவர் மட்டும், "இது ஆலா. ஆனா நம்ம கரை ஆலா இல்ல, ஆழத்துல திரியறது" என்றார். அவரிடம் மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு இளைஞர், "கடல் பறவைதானே ஐயா, தண்ணியிலயே விட்டுடலாமா?" என்றார். தலையாட்டினேன். விட்டார். இரண்டே அலையில் கரைக்கு வந்து விழுந்தது, இறகெல்லாம் ஊறிப்போய். வனத்துறைக்குப் போன் செய்தோம். அவர்கள் வருவதற்குள் அடங்கிவிட்டது.

தங்கை மகன் எடுத்த போட்டோவைப் புத்தகப் படங்களோடு ஒப்பிட்டு அன்றிரவு உட்கார்ந்தேன். ஒரே சாயலில் இரண்டு ஆலாக்கள் உண்டு. ஒன்றுக்கு நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டிப் புருவம் போல் பின்னால் ஓடும். மற்றதற்குக் கண்ணோடு நின்றுவிடும். நாங்கள் பார்த்தது நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் சூட்டி டெர்ன். லட்சத்தீவின் பிட்டி தீவில் கூட்டமாக முட்டையிடும். மற்ற காலமெல்லாம் நடுக்கடலுக்கு மேலே பறந்தபடியே இருக்கும். அதன் இறகில் எண்ணெய்ப் பசை போதாது. தண்ணீரில் மிதந்து ஓய்வெடுக்க முடியாது. கடல் பறவைதான், ஆனால் கடலில் விடக்கூடாத பறவை.

பறவைக்குப் பெயர் சொல்வது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். புதுச்சேரியில் செடிகொடி ஆராய்ந்த லெஷெனோ என்ற பிரெஞ்சுக்காரர் பெயர் ஒரு உப்புக்கொத்திக்கு இருக்கிறது. அதெல்லாம் பெருமைக்கு என்று சிரித்திருக்கிறேன். ஆபீசில் பொருள் என்னவென்று பார்க்காமல் எந்த ஃபைலிலும் குறிப்பு எழுதியதில்லை. கரையில் ஒரு உயிர் விஷயத்தில் எழுதிவிட்டேன்.

புயலுக்குப் பிறகு கடற்கரைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். புதுப் பறவை கிடந்தால் கடலில் விடாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறையைக் கூப்பிடுங்கள். தலையைப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். அதைவிட முக்கியம், பக்கத்தில் நிற்கும் மீனவர் ஏதாவது சொன்னால் அவரை முழுதாகப் பேச விடுங்கள்.

அந்தப் பெரியவரைத் தேடி மறுநாள் போனேன். கடல் இறங்கவில்லை, வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். இன்னும் எத்தனை வகை ஆலா தெரியும் என்று கேட்டேன். ஐந்து சொன்னார். எழுதிக்கொண்டேன்.