அரைவேக்காட்டுக்கு அட்வான்ஸ்

அடுப்பு பற்ற வைக்காத ஓட்டலில், ஒன்றரை வருஷம் முன்பே போய் பில் கட்டுவீர்களா? மாட்டீர்கள். ஆனால் வீடியோ கேம் என்றால் கட்டுகிறார்கள். ‘சைபர்பங்க் 2077’ என்கிற விளையாட்டுக்கு உலகம் முழுக்க 80 லட்சம் பிரதிகளுக்கு முன்கூட்டியே ஆர்டர் குவிந்தது. ரிலீஸ் அன்றைக்கே கம்பெனி பெருமையாக அறிவித்தது: டிஜிட்டல் முன்பதிவில் வர வேண்டிய பணமே தயாரிப்புச் செலவு, விளம்பரச் செலவு இரண்டையும் தாண்டிவிட்டதாம். யாரும் ஆடிப் பார்ப்பதற்கு முன்பே போட்ட முதல் கைக்கு வந்தாச்சு. அதற்கப்புறம் சரக்கு நன்றாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. செய்தவர்கள் போலந்து நாட்டின் வார்சாவில் இருக்கும் சி.டி. புராஜெக்ட் ரெட். மூலம், மைக் பாண்ட்ஸ்மித் என்ற அமெரிக்கர் 1988-ல் வெளியிட்ட, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டு. கதை நடப்பது நைட் சிட்டியில். அங்கே அரசாங்கம் சும்மா பேருக்கு. எல்லாம் கம்பெனி ராஜ்ஜியம். கண், கை, முதுகெலும்பு எல்லாம் மெஷினாக மாற்றிக்கொள்ளலாம், காசிருந்தால். நாயகனோ நாயகியோ, பெயர் ‘வி’. அவர் மண்டைக்குள் ஒரு சிப். அதில், கம்பெனிகளை எதிர்த்துக் குண்டு வைத்த ஒரு பழைய ராக் பாடகரின் ஆவி. அந்த வேஷத்தில் கீனு ரீவ்ஸ். கம்பெனிகள் மனிதனை எப்படிப் பிழிந்து எடுக்கின்றன என்பதுதான் சப்ஜெக்ட். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2012-ல் அறிவித்தார்கள். 2020 ஏப்ரல் 16 வரும் என்றார்கள். செப்டம்பர் 17 என்றார்கள். நவம்பர் 19 என்றார்கள். அக்டோபர் ஆரம்பத்தில், மாஸ்டர் டிஸ்க் ரெடி, இனிமேல் தள்ளிப்போகாது என்று கொண்டாடிவிட்டு, அதே மாதம் 27-ம் தேதி மறுபடி தள்ளிப் போட்டார்கள். கடைசியில் டிசம்பர் 10.

வந்தது. நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். முகம் மெழுகாக உருகி நிற்கும். ஆட்கள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சிலுவை மாதிரி நிற்பார்கள். ஆடிக்கொண்டே இருக்கும்போது மொத்தமும் படுத்துவிடும். ஒரே வாரம்தான், சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றது. மறுபடி அலமாரிக்கு வர 2021 ஜூன் ஆயிற்று.

சாஃப்ட்வேர் என்றால் பிழை இருக்கத்தான் செய்யும், அதற்காகவா இத்தனை கோபம் என்று கேட்பீர்கள். பிழைக்காக இல்லை சார். மறைத்ததற்காக. முன்கூட்டி விமர்சனம் எழுதுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஓடும் பிரதி மட்டும்தான் கொடுத்தார்கள். அதிலும் தாங்கள் பதிவு செய்த வீடியோவைக் காட்டக் கூடாது, கம்பெனி கொடுத்ததைத்தான் காட்டலாம் என்று நிபந்தனை. அதற்கு முந்தைய மாதம் முதலீட்டாளர்களிடம், பழைய கருவிகளிலும் ஆச்சரியப்படும்படி நன்றாகவே ஓடுகிறது என்று வாய் கூசாமல் சொன்னார்கள். புடவைக் கடைக்காரர் கிழிசலை உள்ளே மடித்து வைத்து விற்றால் நாம் என்ன பேர் சொல்வோம்?

உள்ளே வேலை பார்த்தவர்கள் கதை தனி. கட்டாயப்படுத்தி அதிக நேரம் வேலை வாங்க மாட்டோம் என்று 2019-ல் பேட்டி கொடுத்தவர்கள், 2020 செப்டம்பர் கடைசியில் வாரம் 6 நாள் வந்தே ஆக வேண்டும் என்று மெயில் அனுப்பினார்கள். ஓவர்டைமுக்குச் சம்பளம் உண்டு, போலந்துச் சட்டம் விடாது. இருந்தாலும், கம்பெனி மனிதனைப் பிழிகிறது என்ற கதையை எழுதியவர்களையே பிழிந்து... சரி, விடுங்கள்.

2021 ஜனவரியில் நிறுவனர்களில் ஒருவர் வீடியோவில் வந்து மன்னிப்புக் கேட்டார். வேலை செய்தவர்களைத் திட்டாதீர்கள், முடிவெடுத்தவர்கள் நாங்கள் என்றார். அதுவரை யோக்கியம். ஆனால் சோதனையில் இந்தக் கோளாறுகளில் பெரும்பகுதி தெரியவே இல்லை என்றும் அதே மூச்சில் சொன்னார். பெட்டியைப் பிரித்த வாங்கியவருக்கு முதல் அரை மணியில் தெரிந்தது, செய்தவர்களுக்குத் தெரியவில்லையாம்.

இப்போது இளைஞர்கள் சண்டைக்கு வருவார்கள். ‘2023 செப்டம்பரில் 2.0 வந்ததே, கூடவே ‘ஃபேன்டம் லிபர்ட்டி’ வந்ததே, இன்றைக்கு அது எத்தனை பிரமாதம் தெரியுமா?’ தெரியும். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதம்தான். அந்த நகரத்தின் மழைத் தெருக்களில் சும்மா நடப்பதே ஒரு சுகம். மூன்று கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. செத்துப் பிழைத்த விளையாட்டு என்று எல்லோரும் மாலை போடுகிறார்கள்.

ஆனால் அந்த 2.0 யாருக்கு வந்தது? கம்ப்யூட்டருக்கு வந்தது. பிளேஸ்டேஷன் 5-க்கு வந்தது. புது எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. முதல் நாள் ஏமாந்தாரே, அந்த பிளேஸ்டேஷன் 4-காரர்? அவருக்கு 1.6 என்ற நம்பரோடு கதவைச் சாத்திவிட்டார்கள். புதுக் கருவிக்கான பிரதி இலவசம்தான், மறுக்கவில்லை. கருவி? அது அவர் காசில்! அடிபட்டவர் ஒருத்தர், மருந்து சாப்பிட்டவர் இன்னொருத்தர், குணமாகிவிட்டது என்று கம்பெனிக்கு சர்டிபிகேட்.

பங்கு வாங்கி நஷ்டப்பட்டவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 18.5 லட்சம் டாலர் தருவதாக 2021 டிசம்பரில் சமரசம் ஆயிற்று. கம்பெனிக்காரர்களின் பாஷையில், ஏமாற்றப்பட்டவர் என்றால் பங்குதாரர்.

அடுத்த பாகத்துக்கான வேலை நடக்கிறது. ‘சைபர்பங்க் 2’ என்று 2025-ல் பெயரும் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் பளபளவென்று ட்ரெய்லர் வரும். பெரிய நடிகர் யாராவது மேடைக்கு வருவார். கூட்டம் கத்தும். கீழே ‘இப்போதே முன்பதிவு செய்யுங்கள்’ என்று ஒரு பட்டன் மின்னும். டவுன்லோடு செய்கிற சரக்கு, ரேஷன் கடை சர்க்கரை மாதிரி தீர்ந்தா போய்விடும்? ரிலீஸ் ஆகட்டும். உங்களிடம் இருக்கும் அதே கருவியில் யாராவது முன்பின் தெரியாத ஆள் ஆடிக் காட்டட்டும். அதுவரை பர்ஸ் பாக்கெட்டிலேயே இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, கம்பெனியைத் தவிர.