பூட்டிய கதவும் பேய் ஓட்டுகிறவனும்

காய்ச்சல் கண்டால் வைத்தியசாலைக்குப் போகாமல் பேய் ஓட்டுகிறவனிடம் போகும் கிராமத்தானை மூடன் என்று நம்மவர்களே பரிகாசம் செய்கிறார்கள். செய்யட்டும். ஆனால் அந்த வைத்தியசாலை எத்தனை நாள் திறந்திருந்தது என்று யாராவது கேட்டார்களா?

ராஜஸ்தானத்து உதயப்பூர் ஜில்லாவில் 2002, 2003ஆம் வருஷங்களில் இதை அளந்தே பார்த்தார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு நர்ஸம்மாளை வைத்து நடக்கும் துணைச் சுகாதார நிலையங்களுக்கு, திறந்திருக்க வேண்டிய நேரத்தில் வாரந்தோறும் ஆள் போய்ப் பார்த்ததில், 100க்கு 56 தடவை கதவு மூடிக் கிடந்தது! இன்ன கிழமை திறக்கும், இன்ன கிழமை திறக்காது என்கிற ஒழுங்காவது உண்டா என்றால் அதுவும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவள் எங்கே போவாள்? அந்த ஜில்லாவில் வைத்தியம் தேடிப் போனதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, போபா என்னும் மந்திரவாதியிடந்தான். கதவைப் பூட்டினவன் யோக்கியன், போபாவிடம் போனவள் மாத்திரம் மூடமா?

சர்க்கார் கணக்கோ வேறு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பக்கத்தில் 3,000 பேருக்கு ஒன்று என்று நிலையங்களை எண்ணுகிறது. கோபுரத்தை எண்ணிவிட்டு ஊரில் ஒழுக்கம் வளர்ந்தது என்கிற பண்டாரத்தின் கணக்குதான்!

2006இல் அதே ஜில்லாவில் நர்ஸுகள் வரும் நேரத்தைப் பதிய இயந்திரம் வைத்தார்கள். முதலில் வரவு கூடிற்று. பிறகு அதிகாரிகள் 'விலக்கு நாள்' என்று தாராளமாக அனுமதிக்கலானார்கள். 16 மாதத்தில், கண்காணித்த நிலையத்திற்கும் கண்காணிக்காததற்கும் வித்தியாசமே இல்லாமற் போயிற்று.

ஆகவே சர்க்காரை ஒன்று கேட்கின்றோம். சொல்லாமல் போய்ப் பார்த்த நாள் எத்தனை, அதில் கதவு திறந்திருந்தது எத்தனை, விலக்கு நாள் கொடுத்தவர் யார் என்று மாதாமாதம் ஊர்ச்சாவடியில் எழுதி ஒட்டச் சம்மதமா?