அயலார் வீட்டில் நம் பிள்ளைகள்

துடியலூரில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் கடந்த சில ஆண்டுகளில் மூன்று பிள்ளைகள் மேற்படிப்புக்காகக் கடல் கடந்து சென்றிருக்கிறார்கள். நான்காவதாகப் பக்கத்து வீட்டுப் பெண் கனடா செல்ல ஆயத்தமானபோது, அவளுடைய தந்தை சில தாள்களை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். பம்பு செட்டுக்கான உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறை நடத்துபவர் அவர். "ஏனுங் சார், இதை ஒருக்காப் படிச்சுச் சொல்லுங்க. அங்க ஒரு குடும்பத்தோடதான் தங்கப் போறா. எங்களுக்கு இருக்கற ஒரே தைரியம் அதுதானுங்க" என்றார்.

படித்துப் பார்த்தேன். காலை உணவும் இரவு உணவும் உண்டு. மதிய உணவு கிடையாது. இரவு ஒன்பது மணிக்குமேல் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. வாரம் ஒருமுறை துணி துவைத்துக்கொள்ளலாம். விருந்தினரை அழைத்து வரக் கூடாது. முன்பணம் எந்தச் சூழலில் திருப்பித் தரப்படாது என்பதற்குத் தனியே ஒரு பத்தி. 'குடும்பம்' என்ற சொல் பல இடங்களில் வந்தது. ஆனால், உள்ளடக்கம் முழுவதும் அறையும் உணவும் விலைக்குத் தரப்படும் ஓர் ஒப்பந்தம். பெற்றோர் கேட்ட சொல்லுக்கும் பிள்ளை கையெழுத்திடும் தாளுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

வெளிநாடுகளில் பயிலும் இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 2024-இல் 13 லட்சத்தைத் தாண்டியிருந்ததாக மத்திய வெளியுறவு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அவர்களில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் கனடாவில் இருந்தனர். அந்த நாட்டில் வீட்டு வாடகை உயர்ந்து, அது அரசியல் பிரச்னையாகவும் வெடித்தபோது, பழி விழுந்த இடங்களில் ஒன்று வெளிநாட்டு மாணவர்களின் தலை. 2024 ஜனவரியில் கல்வி அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்த கனடா அரசு, அந்த ஆண்டுக்கான எண்ணிக்கையை முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. வாழ்க்கைச் செலவுக்கென மாணவர் காட்ட வேண்டிய தொகை அதுவரை 10,000 கனடா டாலராக இருந்தது; 2024 ஜனவரி 1 முதல் அது 20,635 டாலராகவும், 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 டாலராகவும் உயர்ந்தது. கல்வி நாள்களில் கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரத்துக்குமேல் வேலை செய்ய அனுமதியில்லை. அதாவது, செலவு கூடியிருக்கிறது. அதை ஈடுகட்டும் வழிக்கு வரம்பு இருக்கிறது.

இந்த நெருக்கடியில்தான், உள்ளூர்க் குடும்பத்துடன் பணம் கொடுத்துத் தங்கும் ஏற்பாடு கவர்ச்சி பெறுகிறது. சில அரசுகளும் இதை ஊக்குவிக்கின்றன. சொந்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவோருக்கு பிரிட்டனில் ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரையும், அயர்லாந்தில் 14,000 யூரோ வரையும் அந்த வருவாய்க்கு வரிவிலக்கு உண்டு. விடுதி கட்டப் பணமும் காலமும் இல்லாத நாடுகள், குடிமக்களின் காலி அறைகளைக் கொண்டு பற்றாக்குறையைச் சமாளிக்கின்றன. அதில் தவறில்லை. ஆனால், இது விருந்தோம்பல் அல்ல, வீட்டுவசதிக் கொள்கையின் ஒரு பகுதி என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. 1947 முதல் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பிவரும் ஏ.எஃப்.எஸ். போன்ற அமைப்புகளும், ரோட்டரி சங்கங்களின் இளையோர் பரிமாற்றத் திட்டமும், தன்னார்வமாக முன்வரும் குடும்பங்களில் மாணவர்களைத் தங்கவைக்கின்றன. அங்கே பண்பாட்டுப் பரிமாற்றமே நோக்கம். நம் ஊர்களில் இந்த இரண்டு வகைகளும் ஒரே பெயரால் அழைக்கப்படுவதால், கட்டணம் செலுத்தித் தங்கப்போகும் பிள்ளையின் பெற்றோர்கூட முதல் வகையின் அன்பை எதிர்பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

எதிர்பார்ப்பு பொய்த்தால் சட்டம் துணை நிற்குமா என்றால், அங்கும் தரை வழுக்குகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வீட்டு உரிமையாளருடனோ அவருடைய நெருங்கிய குடும்பத்தினருடனோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டாக வேண்டிய ஏற்பாட்டில் தங்குபவருக்கு, வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. அயர்லாந்திலும் உரிமையாளரின் வீட்டுக்குள் அறை எடுத்துத் தங்குபவர் சட்டப்படி வாடகைதாரர் அல்லர். உரிமையாளரின் தனிமையைக் காக்கும் இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் உண்டு. ஆனால் விளைவு என்ன? விருந்தாளிக்குரிய உரிமையும் இல்லை, வாடகைதாரருக்குரிய பாதுகாப்பும் இல்லை, மகளுக்குரிய இடமும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு எஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பு, புறப்படும் முன்பு அவள் கையெழுத்திடும் அந்தத் தாள் மட்டுமே. அதைத்தான் நாம் படிக்காமல் விடுகிறோம்.

சட்டம் ஒருபுறம் இருக்க, கூச்சம் என்றொரு பெருந்தடை இருக்கிறது. 1888-இல் சட்டம் பயில லண்டன் சென்ற காந்தி, ஒரு விதவை மூதாட்டியின் வீட்டில் பணம் கொடுத்துத் தங்கிய நாள்களைத் தம் வரலாற்றில் நினைவுகூர்கிறார். புலால் உண்பதில்லை என்ற அவருடைய விரதத்தை அறிந்து அவரைக் கவனித்துக்கொள்வதாக அந்த அம்மையார் உறுதியளித்தார். உணவு பிடித்திருக்கிறதா என்று நாள்தோறும் கேட்கவும் செய்தார். அவருடைய மகள்கள் இன்னும் ஓரிரு ரொட்டித் துண்டுகளை வற்புறுத்திப் பரிமாறினர். முழு ரொட்டி இருந்தால்தான் பசி அடங்கும் என்பதைச் சொல்லக் காந்தியின் நா எழவில்லை. அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. இருந்தும் விருந்தாளி அரைப்பட்டினி.

நம் கொங்கு மண்ணின் ஈரோட்டில் பிறந்த ராமானுஜனின் கதை இன்னும் ஆழமானது. 1914 ஏப்ரலில் இங்கிலாந்தில் இறங்கிய அவரை, அவருடைய பயணத்துக்கு முயற்சி எடுத்துக்கொண்ட கணித அறிஞர் நெவில் வரவேற்று, கேம்பிரிட்ஜில் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். நெவிலும் அவருடைய மனைவியும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அவரைப் பேணினர். பின்னர் அவர் கல்லூரி அறைக்குக் குடிபெயர்ந்தார். குளிர்காலத்தில் ஒருநாள் அங்கு வந்த மகலனோபிஸ், இரவில் குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் சொல்லக் கேட்டுப் படுக்கையைப் பார்த்தார். மெத்தையோடு சேர்த்துச் செருகப்பட்டிருந்த கம்பளிகள் கலையாமல் அப்படியே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. உலகம் வியந்த கணித மேதை, மேல்சட்டையைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி தூங்கியிருக்கிறார்.

மற்றொரு நிகழ்ச்சி. தாமே சமைத்து நண்பர்களுக்கு விருந்து வைத்தபோது, மீண்டும் ரசம் பரிமாற வந்த அவரிடம் போதும் என்றனர் விருந்துக்கு வந்த பெண்கள். சிறிது நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. தம் சமையல் பிடிக்கவில்லை என்று எண்ணி மனம் புண்பட்டு, ஆக்ஸ்போர்டுக்கே சென்றுவிட்டார். 'போதும்' என்ற ஒரு சொல், அந்தத் தனிமையில் அவ்வளவு பெரிதாகியிருந்தது. வீட்டைப் பிரிந்த பிள்ளையின் மனம் எவ்வளவு மெல்லியதாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்று காணொலி அழைப்பு இருக்கிறது. நகரங்களில் தமிழ்க் கடைகளும் இருக்கின்றன. ஆனாலும் கம்பளி விஷயத்தைக் கேட்கத் தெரியாத கூச்சம் மாறவில்லை. 'போடறதைச் சாப்பிடு, எதிர்த்துப் பேசாதே' என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, வெப்பமூட்டியைச் சற்றுக் கூட்டி வைக்கலாமா என்று அந்நியர் ஒருவரிடம் எப்படிக் கேட்கும்? அது பணிவென்று நாம் நினைக்கிறோம். சொல்லாததால் குறையில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். அங்கே கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்காமல் மனத்துக்குள் குமைவதுதான் உறவைக் கெடுக்கும்.

இதைச் சொல்லும்போதே நம் ஊரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2011-இல் கோவை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட துடியலூர், இன்று வெளியூர் மாணவர்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் அறை தேடி வரும் இடம். அவர்களிடம் நாம் முதலில் கேட்பது என்ன? சைவமா, அசைவமா, எந்த ஊர், சில வீடுகளில் வெளிப்படையாகவே, என்ன ஆளுங்க. நம் மகளின் உணவுப் பழக்கத்தை டொரன்டோவில் ஒரு குடும்பம் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், இங்கே கறிக்குழம்பு வாசம் வந்ததற்காக ஒரு மாணவரைக் காலி செய்யச் சொல்கிறோம். அயலாரின் வீட்டு வாசலில் நம் பிள்ளை எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதற்கான அளவுகோல், நம் வீட்டு வாசலில் தொடங்குகிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவது, கோவையில் பெருகியிருக்கும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனங்கள், தங்குமிட நிபந்தனைகளைப் பணம் வாங்கும் முன்பே தமிழில் எழுத்தாகத் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். எத்தனை வேளை உணவு, வெளியேற எத்தனை நாள் அவகாசம், முன்பணம் எப்போது திரும்பும், ஒத்துவராவிட்டால் வீட்டை மாற்றித்தரும் பொறுப்பு யாருடையது ஆகிய நான்கு கேள்விகளுக்காவது அதில் விடை இருக்க வேண்டும்.

இரண்டாவது, அயலகத் தமிழர் நலனுக்கென வாரியம் அமைத்து, ஆண்டுதோறும் ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடும் தமிழக அரசு, மாணவர்கள் புறப்படும் முன் மாவட்டம்தோறும் வழிகாட்டு முகாம்கள் நடத்தலாம். அரசு உதவித்தொகையில் அயல்நாடு செல்லும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு இது மிகவும் தேவை. அவர்களுக்குச் சொல்லித்தர வீட்டில் முன்சென்றவர் எவரும் இல்லை. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் குறைகளைப் பதிவு செய்யலாம் என்பதுகூடப் பல பெற்றோருக்குத் தெரியாது.

மூன்றாவது, நம் வீட்டிலேயே செய்யக்கூடியது. ஆங்கிலத் தேர்வுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கும் நாம், நான்கு உணவு வகைகளைச் சமைக்கவும், தனக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்கவும், வேண்டாததை இன்முகத்துடன் மறுக்கவும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

அன்று மாலை அந்தத் தாள்களை வரிவரியாகத் தமிழில் சொல்லி முடித்தேன். தந்தை நெடுநேரம் பேசவில்லை. அந்தப் பெண்தான் ஒரு குறிப்பேட்டை எடுத்துவந்து, கேட்க வேண்டிய கேள்விகளை எழுதத் தொடங்கினாள். முதல் கேள்வி, மதிய உணவைச் சமைத்துக்கொள்ள காலையில் எத்தனை மணி முதல் அடுப்பைப் பயன்படுத்தலாம் என்பது. அதை அன்றிரவே மின்னஞ்சலில் அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது: ஆறு மணி முதல், குளிர்பதனப் பெட்டியில் ஒரு தட்டு அவளுக்கென ஒதுக்கப்படும். ஒப்பந்தத்தில் இல்லாத அந்தத் தட்டு, கேட்டதால் கிடைத்தது.