மண்வெட்டி பிடிச்சா போதுமா?

"கிராமத்துப் பையனுக்கு ஜிம் எதுக்கு? வயல்ல வேலை செஞ்சாலே உடம்பு இரும்பாகிடுமே!" இப்படி எழுதுற நகரத்து நண்பர்கள் நிறைய. கேட்க நல்லாத்தான் இருக்கு. தினமும் மண்வெட்டி பிடிக்கிறவன் சொல்றேன்: இது பாராட்டு இல்லைங்க. எங்க பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாம தப்பிக்கிற பேச்சு.

வரப்பு வெட்டுறதும் மூட்டை சுமக்கிறதும் தாக்குப்பிடிக்கிற பலத்தைத் தரும். கபடிக்கு அது மட்டும் போதாது. ஒரு ரெய்டு 30 விநாடி. அதுல தொட்டுட்டுத் திரும்புற பாய்ச்சல் கண்ணிமைக்கிற நேரம். எவ்வளவு பலம் இருக்குங்கிறதைவிட, அந்தக் கண்ணிமைப்புல எவ்வளவை வெளியே எடுக்க முடியுதுங்கிறதுதான் கணக்கு. வெடிப்புத்திறன்னு சொல்றது இதைத்தான்.

அது எப்படி வரும்? முதல்ல கனமான எடையோட ஸ்குவாட், டெட்லிஃப்ட். ஒரு செட்டுக்கு 3 முதல் 5 தடவை போதும். அடித்தளம் உறுதியான பிறகு தாவுறது, மெடிசின் பால் எறியிறது, குறைஞ்ச எடையை வேகமாத் தூக்குறது. உயரத்திலிருந்து இறங்கி, கால் தரையில பட்டதும் எகிறுற பயிற்சியை சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960-களிலேயே முறைப்படுத்திவிட்டார். செட்டுக்கு நடுவுல 2, 3 நிமிஷம் ஓய்வு கட்டாயம். களைச்சுப்போன கால் வேகத்தைப் பழகாது.

ஆனா எங்க ஊர்ப் பக்கம் நடக்கிறது என்ன? பத்து ரவுண்டு ஓட்டம், நூறு பஸ்கி. வாந்தி எடுத்தாத்தான் நல்ல பயிற்சின்னு பேரு. அந்தப் பையன் காலையில களை எடுத்துட்டு வந்தவன்னு யாரும் கேக்கறதில்லை. முட்டி போனா மட்டும் 'விதி'!

வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு இதை ஒதுக்காதீங்க. இளவட்டக்கல்லை நூறு தடவை தூக்குன்னு எந்தப் பெரியவரும் சொன்னதில்லை. மொத்த பலத்தையும் திரட்டி ஒரே தூக்கு. பாடம் நம்மகிட்டயே இருக்கு.

ஒரு பார், நாலு இரும்புத் தட்டு, உறுதியான மரப்பெட்டி, முறையாச் சொல்லித்தர ஒரு ஆள், தினமும் முட்டையும் பருப்பும். கேக்கறது இவ்வளவுதான். திருவிழா கபடிக்கு வசூல் கேட்டு ஊர்க்காரங்க போன் பண்ணுவாங்க. தாராளமாக் கொடுங்க. கூடவே ஒரு கேள்வியும் கேளுங்க: கோப்பைக்கும் சீரியல் லைட்டுக்கும் போக, விளையாடுற பையனோட காலுக்கு இதுல எவ்வளவு?